ஆடில்லாத ஊர்

சாமியாத்தாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அரைமூடி துருவுவதற்குள் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தும்போதெல்லாம் அரிவாள்மனைப் பலகையில் இடது கையை ஊன்றி, தோள்களைத் தூக்கி, வாயால் மூச்சை இழுத்தாள். மூச்சு மெல்லிய விசிலோடு உள்ளே போனது. பிறகு மறுபடி துருவினாள்.

சமையலறைக்கு வெளியே உணவு மேசையில் ரங்கநாயகி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை ஆர்.எஸ்.புரத்து லேடீஸ் கிளப்பில் அவள் பேச வேண்டும். "கலிஃபோர்னியாவின் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். போன மாதம் கிளப்பின் பிரசிடெண்ட் சுலோசனா சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசி, ஆளுக்கொரு சாக்லேட்டும் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்தே ரங்கநாயகிக்குத் தூக்கம் சரியில்லை.

"சாமியாத்தா, அங்க தக்காளி எப்படி இருந்துச்சுன்னு சொன்னே?"

"மெழுகு பூசின மாதிரி இருக்குமுங்க. மோந்து பாத்தா வாசமே வராதுங்க. ரசம் வெச்சா வெறுந்தண்ணியைக் காய வெச்சாப்பல இருக்கும்."

ரங்கநாயகி எழுதினாள்: காய்கறிகள் கண்ணாடிபோலப் பளபளக்கும்.

"ரோட்டுல ஒரு குப்பை கெடையாதல்ல?"

"குப்பை போட ஆளு இருந்தாத்தானுங்க. விடிஞ்சதும் எல்லாரும் காரை எடுத்துட்டுப் போயிருவாங்க. பொழுதோட வந்து கதவைச் சாத்திக்குவாங்க. நடுவுல அந்த ஊருக்கு நானும் நாலு நாயுந்தான் காவலுங்க."

சுத்தம், அமைதி என்று எழுதி, அமைதியின் கீழ் ஒரு கோடு போட்டாள் ரங்கநாயகி.

"ஊட்டு முன்னால புல்லு போட்டிருப்பாங்களே, அதைப் பத்தி ஏதோ சொன்னியே."

சாமியாத்தாள் துருவலை நிறுத்தினாள். "அதையென்னத்தச் சொல்றதுங்க. புல்லு வளக்கறாங்க. அதுக்குத் தண்ணி உடறாங்க, ஒரம் போடறாங்க, மருந்தடிக்கறாங்க. நல்லா வளந்ததும் மிசினு வெச்சு அறுத்துக் குப்பையில போட்டுடறாங்க. ஊருக்கே ஒரு ஆடு இல்லீங்க."

ரங்கநாயகி உடம்பு குலுங்கச் சிரித்தாள். "இதை அப்படியே சொல்லோணும். எல்லாரும் சிரிப்பாங்க."

"சொல்லுங்கம்மா," என்றாள் சாமியாத்தாள். அவள் சிரிக்கவில்லை.

போன வருடம் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். ரங்கநாயகியின் மகள் மேக்னாவுக்குத் தலைப்பிரசவம். மேக்னாவும் அவள் புருஷன் வம்சியும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். கம்பெனி இருக்கும் இடத்தில் வீட்டு விலை கட்டுப்படியாகாமல், மலை தாண்டி டிரேசி என்ற சிறிய ஊரில் வீடு வாங்கியிருந்தார்கள். ரங்கநாயகி ஒரு மாதம் இருந்தாள். தான் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைக்க வேண்டியிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லி விமானம் ஏறிவிட்டாள். சாமியாத்தாள் அங்கேயே இருந்தாள். ஆகவே அந்த ஊரைப் பற்றி அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால் அது சமையல்காரிக்குத்தான்.

அவளைச் சமையல்காரி என்று சொல்லி விசா வாங்கவில்லை. ரங்கநாயகியின் தங்கை என்று சொல்லித்தான் வாங்கினார்கள். சாமியாத்தாளுக்கு முதலில் அது புரியவில்லை. அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அவளுக்குத் தெலுங்கில் திட்டுகள் மட்டும்தான் தெரியும். "வெள்ளைக்காரனுக்கு நாயுடு எது, மத்தவங்க எதுன்னு தெரியவா போகுது," என்றார் ரங்கநாயகியின் கணவர் சுந்தரராஜுலு. மெட்ராஸில் விசா கவுண்டருக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரிக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சாமியாத்தாள் அந்த வீட்டுச் சமையலுக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் சுந்தரராஜுலுவின் மில்லில் நூல் சுற்றும் ரீலிங்கில் இருந்தவள். மில்லை மூடியபோது அவளையும் அவள் புருஷன் லட்சுமணசாமியையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்பினார்கள். பிற்பாடு ரங்கநாயகி ஆளனுப்பி, அவளை மட்டும் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டாள். லட்சுமணசாமி ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் காவலுக்குப் போனான்.

டிரேசி என்று ஊருக்குப் பெயர் சொன்னபோது சாமியாத்தாள் அது யாரோ ஒரு பெண்பிள்ளையின் பெயர் என்று நினைத்தாள். போய் இறங்கிப் பார்த்தால் ஊர் என்று சொல்ல எதுவுமில்லை. ஃபவுண்டரியில் ஒரே அச்சில் வார்த்து எடுத்ததுபோல வரிசை வரிசையாக வீடுகள். எல்லாம் ஒரே நிறம். எல்லா வீட்டுக்கும் வாசலைவிடப் பெரிதாகக் கார் நுழையும் கதவு. சுற்றிலும் பாதாம் தோப்பு, காய்ந்த மலை. மலைமேல் பல்லடம் பக்கம் நட்டிருப்பதுபோலக் காற்றாடிகள் நூற்றுக்கணக்கில் நின்றன. மேக்னா அவற்றைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு அழகு," என்றாள். சாமியாத்தாள் பார்த்தாள். பல்லடத்தில் காற்றாடிக்குக் கீழே யாராவது எருமை மேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆனதும் மேக்னா வேலைக்குத் திரும்பினாள். கணவனும் மனைவியும் இருட்டோடு ஆளுக்கொரு காரில் மலை ஏறிப்போய், இருட்டிய பிறகு திரும்பினார்கள். வந்ததும் குழந்தையை வாங்கிக் கொஞ்சினார்கள். அது அழுதால் திருப்பிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதேபோல இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் வந்தன. எல்லோரும் பிறகு வாங்கப்போகும் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். இப்போது இருக்கும் வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. சாமியாத்தாள் இட்லி ஊற்றிக்கொண்டே இருந்தாள். வந்தவர்களிடம் மேக்னா அவளைச் "சின்னம்மா" என்று அறிமுகப்படுத்தினாள். அவர்கள் போனபின் சின்னம்மா பாத்திரம் கழுவினாள். வீட்டில் பாத்திரம் கழுவ ஒரு மிஷின் இருந்தது. அதில் போட்டால் தட்டின் பூ அழிந்துவிடும் என்றாள் மேக்னா.

ஒருநாள் மத்தியானம் குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை. சாமியாத்தாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். யாராவது ஒரு கிழவி எதிரில் வந்தால்கூடப் போதும், குழந்தை முகம் பார்த்து அடங்கிவிடும் என்று நினைத்தாள். மூன்று தெரு நடந்தும் ஒருவரையும் காணோம். திரும்பலாம் என்று பார்த்தபோது எந்த வீடு என்று தெரியவில்லை. வெயிலில் நின்றாள். எந்த ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து யார் போன் செய்தார்களோ, போலீஸ் கார் வந்து நின்றது.

போலீஸ்காரன் நல்லவனாகத்தான் இருந்தான். தண்ணீர் கொடுத்தான். என்னவோ கேட்டான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே ஆங்கிலத்தை அவள் சொன்னாள்: "ஐ ஆம் ஆன்ட்டி." சேலை முடிச்சிலிருந்த போன் நம்பரைக் காட்டினாள். வம்சி ஆபீஸிலிருந்து வந்து சேரும்வரை போலீஸ்காரன் அவர்களோடு மரத்தடியில் காத்திருந்தான். வம்சி போலீஸ்காரனின் கையைக் குலுக்கி, சித்தி ஊருக்குப் புதிது என்று சிரித்துச் சிரித்துப் பேசினான். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"உங்களை யாருங்க வெளிய போகச் சொன்னது?"

"கொழந்தை அழுதுதுங்க தம்பி. சித்த நடந்தா அடங்குமேன்னு."

"இது உங்க உப்பிலிபாளையம் லைன் வீடு இல்லீங்க. இங்க சும்மா யாரும் நடக்க மாட்டாங்க. இனிமே முன்னாடிக் கதவைத் திறக்கக் கூடாது."

"செரிங்க," என்றாள் சாமியாத்தாள். நடப்பது குற்றமாக இருக்கிற ஊருக்கு எதற்கு இத்தனை அகலத்தில் ரோடு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் பின்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை புல் அறுக்க ஒரு மெக்சிகோக்காரன் வந்தான். கறுத்து, குட்டையாக, தொப்பி வைத்துக்கொண்டு, பொள்ளாச்சிச் சந்தையில் பார்க்கிற ஆள் மாதிரியே இருந்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையும் இல்லை. அவள் மோர் கொடுத்தாள். முதல்முறை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். அடுத்த வாரம் அவனே கையை நீட்டினான். அறுத்த புல்லை அவன் பையில் திணிக்கும்போது, ஆடு கத்துவதுபோல அவள் கத்திக் காட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. தன் ஊர்ப் பக்கம் கையைக் காட்டி அவனும் ஒருமுறை ஆட்டைப்போலக் கத்தினான். அந்த ஊரில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஐந்தாவது மாதம் வம்சியின் பெரிய ஆபீசர் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. காலையில் கிளம்பும்போது மேக்னா கீழ் பாத்ரூமைக் காட்டி, "மஞ்சக்கறை அப்படியே இருக்குது பாருங்க. இந்த வெள்ளை பாட்டிலும் நீல பாட்டிலும் ரெண்டையும் ஊத்தித் தேய்ங்க. ஒண்ணு போட்டா போகாது," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். பாட்டில்களில் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சடித்திருந்தது. மேக்னா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவள்; படித்துப் பார்க்க நேரமில்லை. சாமியாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது.

நெடி குழந்தைக்கு ஆகாது என்று அவள் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே ஜன்னல் கிடையாது. இரண்டையும் ஊற்றி, குனிந்து தேய்த்தாள். முதலில் கண் எரிந்தது. பிறகு மார்புக்குள் யாரோ மிளகாய் வற்றலைப் போட்டுக் கொளுத்தியதுபோல இருந்தது. கறை போகவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதன் பிறகு கதவைத் திறந்ததும், பின்வாசல்வரை தவழ்ந்து போனதும் அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. புல் அறுப்பவன் மிஷினைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவளைத் தூக்கிப் புல்லில் உட்காரவைத்து, குழாய்த் தண்ணீரை முகத்தில் பீய்ச்சினான். உள்ளே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிவந்தான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மேக்னாவின் நம்பருக்குப் போன் செய்தான். போனில் என்ன சொன்னார்களோ, அவன் குரல் உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது. அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. மேக்னா வந்து சேரும்வரை ஒரு கையில் குழந்தையும் மறு கையில் தொப்பியுமாக அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தான். அடுத்த வாரத்திலிருந்து வேறொருவன் வந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதைப் பற்றி மேக்னாவும் வம்சியும் மாடியில் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பிறகு மேக்னா இறங்கிவந்து, கட்டிலில் சாய்ந்திருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஆஸ்பத்திரியில நெறைய கேள்வி கேப்பாங்க ஆயா. யாரு, எதுக்கு வந்தீங்க, ஏன் பாத்ரூம் கழுவினீங்கன்னு. எங்க கிரீன் கார்டு வர்ற நேரம். உங்களுக்குப் புரியுதல்ல?"

"புரியுதுங்க பாப்பா," என்று சொல்ல முயன்றாள் சாமியாத்தாள். குரல் வரவில்லை. தலையை ஆட்டினாள்.

இருமல் மருந்தும் சுடுதண்ணீரும் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் ஆபீசர் குடும்பம் வந்தது. மேக்னா கடையிலிருந்து பீட்சா வரவழைத்தாள். இருமல் நிற்கவில்லை என்றதும் குழந்தையை அவளிடம் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்கடுத்த வாரம், ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அவளைத் தாட்டி அனுப்பிவிட்டார்கள்.

கோயம்புத்தூருக்கு வந்ததும் ரங்கநாயகி தங்கள் குடும்ப டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்றார்.

சாமியாத்தாள் வாயைத் திறப்பதற்குள் ரங்கநாயகி, "இவ மில்லுல வேலை பாத்தவ டாக்டர்," என்றாள்.

"பஞ்சுத் தூசியா? அப்படித்தான் இருக்கும். எந்த மில்லு?"

ரங்கநாயகி கைப்பையின் ஜிப்பை மூடினாள். "ஏதோ ஒண்ணுங்க. எல்லாந்தான் மூடிட்டாங்களே."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தின்றும் படி ஏற முடியவில்லை. வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று சாமியாத்தாள் கேட்டபோதெல்லாம் ரங்கநாயகி ஒரே பதிலைச் சொன்னாள். "பிரசிடெண்ட் சுலோசனா வீட்டுக்காரர் பெரிய நெஞ்சு டாக்டர். சும்மா போய் நின்னா பாப்பாரா? கிளப்புல என் பேச்சு முடியட்டும். நானே அவங்ககிட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போறேன்."

உப்பிலிபாளையத்தில் லட்சுமணசாமி இதைக் கேட்டுவிட்டு, பீடியை அவளுக்கு எட்டாத தூரத்தில் போய்ப் பற்றவைத்தான்.

"அந்த டாக்டருகிட்டயாச்சும் நடந்ததை நடந்தாப்பல சொல்லு. பஞ்சுன்னு சொல்லாதே. பஞ்சுன்னா எனக்கும் இழுக்கோணுமில்ல? நானும் அதே மில்லுதான்."

"சொன்னா பாப்பாளுக்குக் கார்டு வராதாமுங்க."

"அதுக்குக் கார்டு. உனக்கு?" என்றான் அவன். பீடியை அணைத்துவிட்டு, "அப்படி என்னதான் இருக்குது அந்த ஊருல?" என்று கேட்டான்.

"ஒரு எழவும் இல்லீங்க. நம்ம சுடுகாட்டுலகூட நாலு சனம் வந்து போகும்."

வெள்ளிக்கிழமை காலையில் சாமியாத்தாள் ஒப்புட்டு தட்டினாள். சுலோசனாவின் சாக்லேட்டுக்கு எதிராக ரங்கநாயகி யோசித்து வைத்திருந்தது அது. கடலைப்பருப்பு வேகவைத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு அரைத்து, வாழையிலையில் ஒவ்வொன்றாகத் தட்டி, கல்லில் போட்டு நெய் விட்டாள். புகை வரும்போது கொல்லைக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். ஐம்பது பேருக்கானதைத் தட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. பெரிய போசியில் இலை விரித்து அடுக்கி மூடினாள். காரில் டிரைவருக்குப் பக்கத்தில் போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிளப் ஹாலில் பட்டும் வைரத்தோடுமாக நாற்காலிகள் நிறைந்திருந்தன. சாமியாத்தாள் கடைசியில் கதவோரம் நின்றாள். ரங்கநாயகி மைக்கைப் பிடித்து நன்றாகத்தான் பேசினாள். ரோட்டில் ஒரு தூசி இல்லை என்றாள். ஹாரன் சத்தமே கேட்காது என்றாள். போலீஸ்காரர்கள் அவ்வளவு மரியாதையானவர்கள், வழி தெரியாமல் நின்றால் தண்ணீர் கொடுத்து வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள் என்றாள். கூட்டம் ஆச்சரியத்தில் உச்சுக்கொட்டியது. காற்று அவ்வளவு சுத்தம் என்றும், அங்கே இருந்த ஒரு மாதமும் தனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்றும் சொன்னாள்.

முன் வரிசையிலிருந்து ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி கேட்டாள். "ஊட்டு வேலைக்கு ஆள் கிடைக்குமாங்க அங்க?"

"அங்க வேலைக்காரிங்கற பேச்சே இல்லீங்க," என்றாள் ரங்கநாயகி. "அவங்கவங்க வேலையை அவங்கவங்களே செய்யறாங்க. என் பொண்ணு இங்க ஒரு டம்ளர் எடுத்து வெச்சவ இல்ல. அங்க பாத்ரூம்கூட அவளேதான் கழுவறா. உழைப்புக்கு ஒரு கௌரவம் இருக்குதுங்க அந்த நாட்டுல."

கை தட்டினார்கள். சாமியாத்தாள் போசியைத் தரையில் இறக்கி வைத்தாள். இருமல் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சுலோசனாவும் பார்த்தாள்.

"ரங்கநாயகி, உங்ககூட வந்தது இவங்கதானே? ரொம்ப நாள் இருந்தாங்கன்னு சொன்னீங்களே. அவங்களும் ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே. வாங்க, இப்படி வாங்க."

ரங்கநாயகி சிரித்தாள். "அவளுக்கென்னங்க தெரியும்," என்றாள். அதற்குள் யாரோ சாமியாத்தாளின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். மைக் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அவள் அதிலிருந்து ஓரடி தள்ளியே நின்றாள்.

"எப்படி இருந்துச்சு அமெரிக்கா?" என்றாள் சுலோசனா.

"ஊராட்டமே இல்லீங்க," என்றாள் சாமியாத்தாள்.

கூட்டம் சிரித்தது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"புல்லு வளத்து, அறுத்துக் குப்பையில போடறாங்க. ஒரு ஆடு இல்லீங்க. தக்காளிக்கு வாசம் இல்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரன் பேரு தெரியாதுங்க. செத்தாலும் காரு வெளிய வராததைப் பாத்துத்தான் கண்டுபிடிப்பாங்களாட்டம் இருக்குது. எங்க பாப்பாளும் மாப்பிள்ளையும் அங்க ஊடு வாங்கினது தூங்கறதுக்குத்தானுங்க. அந்தத் தூக்கமும் பத்தறதில்லீங்க அவங்களுக்கு."

ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரங்கநாயகியும் உதட்டால் சிரித்துக்கொண்டிருந்தாள். "போதும், போதும். போய் ஒப்புட்டு எடுத்துக் கொடு," என்றாள்.

சாமியாத்தாள் நகரவில்லை. அவள் சுலோசனாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அம்மா, உங்க ஊட்டுக்காரரு நெஞ்சு டாக்டருன்னாங்க. நான் அங்க பாத்ரூம் கழுவினனுங்க. ரெண்டு பாட்டிலைச் சேத்து ஊத்தித் தேய்க்கச் சொன்னாங்க. ஊத்துனனுங்க. பொகையாட்டம் கெளம்பி உள்ளாற போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தாட்டி உடலீங்க. இங்க வந்து பஞ்சுத் தூசின்னு சொல்லிப்போட்டாங்க. பஞ்சு இல்லீங்க. அந்தப் பாட்டில்தானுங்க. அதை மட்டும் டாக்டருகிட்டச் சொல்லோணுமுங்க—"

அதற்குமேல் இருமல் விடவில்லை. குனிந்து மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கர் வழியாக அவளுடைய விசில் மூச்சு ஹால் முழுக்கக் கேட்டது. யாரோ மைக்கை அணைத்தார்கள்.

சிரிப்பு நின்றிருந்தது. ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அவள் மகள் நியூஜெர்சியில் இருந்தாள்.

"அது என்ன பிராண்டு பாட்டில்னு கேளுங்க," என்றாள் ரங்கநாயகியிடம். "என் மகளும் கைக்குழந்தை வெச்சிருக்கறா. இன்னைக்கே போன் போட்டுச் சொல்லோணும்."

"கலரு என்ன?" என்றாள் இன்னொருத்தி.

"வெள்ளையும் நீலமுமுங்க," என்றாள் சாமியாத்தாள், மூச்சுக்கு நடுவே. இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள்.

ரங்கநாயகி மைக்கைத் திரும்பப் போடச் சொன்னாள். "ஆயுசுல மில்லைத் தாண்டாதவளுங்க. அங்கத்த குளிரு ஒத்துக்கல, பாவம். என்ன நடந்துச்சுன்னு அவளுக்கே சரியாச் சொல்லத் தெரியல," என்றாள். அவள் குரல் சீராகவே இருந்தது. செயலாளர் எழுந்து நன்றி சொன்னாள். ரோஜாவும் லில்லியும் வைத்துக் கட்டிய பெரிய பொக்கே ஒன்றை ரங்கநாயகிக்குக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாமியாத்தாள் கைகழுவிவிட்டு வந்து, போசியைத் திறந்து, தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்து நீட்டினாள். முதல் தட்டை வாங்கிய அம்மாள் அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு மறந்துபோனாள். அடுத்தவள் சர்க்கரை என்றாள். மூன்றாமவள் விரதம் என்றாள். சுலோசனா ரங்கநாயகியைத் தூணோரம் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். ஆனாலும் கேட்டது.

"டி.பி. இல்லையே? அடுப்படியில வெச்சிருக்கீங்களே, தைரியந்தான்."

"இல்லீங்க, இல்லீங்க. இன்னையோட நிறுத்திரலாம்னுதான் இருக்கறேன்."

"வேணும்னா ஜி.எச்.சுல காட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு இப்ப புது கேசு பாக்கறதில்ல."

ஹால் காலியாயிற்று. ஜவுளிக்கடைக்காரர் மனைவியின் கார் வரவில்லை. ரங்கநாயகி அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். அவள் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின் சீட்டில் ரங்கநாயகி உட்கார்ந்து, பொக்கே சாயாமல் இருக்கத் தன் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

கண்ணாடியைப் பாதி இறக்கி, "நீ பஸ்ஸுல போயிரு. நாளைக்கு வர வேண்டாம், ரெஸ்ட் எடு. சொல்லி அனுப்பறேன்," என்றாள்.

"ஒப்புட்டுங்கம்மா?"

"நீயே கொண்டு போ."

கார் போன பிறகு சாமியாத்தாள் போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஐம்பது பேருக்குச் செய்தது ஏறக்குறைய அப்படியே இருந்ததால் கனத்தது. மூன்று கடைக்கு ஒருமுறை கீழே இறக்கி வைத்து நின்றாள். மோட்டார் சைக்கிள்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. பஸ் ஸ்டாப்பில் நிழற்குடைத் திண்டில் இடம் இருந்தது. உட்கார்ந்து போசியை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு உப்பிலிபாளையம் பஸ் வந்தது. அவள் எழுந்திருப்பதற்குள் போய்விட்டது.

மூடியைத் திறந்து ஒரு ஒப்புட்டை எடுத்தாள். இன்னும் இளஞ்சூடாக, மெத்தென்று இருந்தது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. மெல்லும்போது மூச்சு விட முடியவில்லை. மூச்சு விடும்போது மெல்ல முடியவில்லை. ஒரு வாய் கடித்து மென்று விழுங்கினாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். பிறகு அடுத்த வாய் கடித்தாள்.